நான் எடுக்காமல் விட்ட ஒரு வரி

இதை எழுத வேண்டும் என்று நினைக்க ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது. ஒவ்வொரு தவக்காலத்திலும் நோட்டை எடுப்பேன். சாம்பல் புதனன்று இரண்டு பக்கம் எழுதுவேன். பெரிய வியாழனுக்குள் கிழித்துப் போட்டுவிடுவேன். சம்பந்தப்பட்டவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், அவர்கள் மனசு நோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. என் தப்பு நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம் மீதிப் பாதி. போன மாசம் விசாலம் மாமியும் காலமாகிவிட்டார். இனி எனக்குச் சாக்கு இல்லை. மெயில் சர்வர் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். எனக்குப் படிப்பு குறைவு. குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. எல்லாரிடமும் ஒரு 'இன்ஃபோ'

நான் சாந்தோம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவன். அப்பா கடலுக்குப் போனார். அம்மா மயிலாப்பூர், மந்தைவெளி பக்கம் கூடையில் மீன் விற்றார். பிளஸ் டூவில் கணக்கில் போய்விட்டது. ஐ.டி.ஐ. முடித்து, ஆழ்வார்பேட்டையில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் கேபிள் இழுக்கச் சேர்ந்தேன். சின்னச் சின்ன வியாபாரிகளுக்கு வெப்சைட்டும் மெயிலும் நடத்திக் கொடுக்கிற கம்பெனி. முதலாளி சம்பந்தம் சார்.

சர்வர் பார்த்துக்கொண்டிருந்தவர் பெங்களூருக்குப் போய்விட்டார். சம்பந்தம் சார் என்னைக் கூப்பிட்டு, "அந்தோணி, கேபிள் இழுத்தது போதும்ப்பா. இனிமே மெயில் சர்வர் உன் தலையில. ராத்திரி பகல் பாக்காம ஓடிக்கினு இருக்கும், தொந்தரவு பண்ணாம இருந்தா அதுவும் உன்னைத் தொந்தரவு பண்ணாது" என்றார்.

அது முதல் நாளே தொந்தரவு பண்ணியது. போன் அடித்தது. எடுத்தேன்.

"ஏம்ப்பா, நான் விசாலம் பேசறேன். நேக்கு ஊறுகாய், பொடி வியாபாரம்தானே? 'ஐநூறு கார்டு, மஞ்சள் கவர்'னு ஆர்டர் வந்திருக்கு. எங்காத்துல மஞ்சள்னா அரைக்கற மஞ்சள்தான் இருக்கு. அனுப்பட்டுமா?"

நான் மன்னிப்புக் கேட்டு வைப்பதற்குள் அடுத்த போன். இவர் சேது சார். தி. நகரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடை. "தம்பி, வத்தக்குழம்புப் பொடி ரெண்டு கிலோ, மோர்மிளகாய் அரைக் கிலோன்னு கேட்டு எனக்கு மெயில் வந்திருக்கு. இது எங்கக்கா சரக்கு. அவகிட்ட சொல்லிடு, ஆர்டர் பிடிச்சுக் கொடுத்ததுக்கு ஒரு பாட்டில் மாகாளி ஊறுகாய் எனக்கு வந்தாகணும்."

விசாலம் மாமி அக்கா, சேது சார் தம்பி. இருவருமே எங்கள் கஸ்டமர்கள். ஒருவர் மெயில் இன்னொருவருக்குப் போனதற்குக் காரணம் எளிது. எல்லாக் கம்பெனிக்கும் 'இன்ஃபோ' என்று ஒரு முகவரி இருக்கும். முன்னால் இருந்தவர் எல்லா டொமைனையும் ஒரே குவியலாகப் போட்டு வைத்திருந்தார். @ குறிக்கு முன்னால் இருக்கிற பெயரை மட்டும் சர்வர் பார்த்தது. பின்னால் இருக்கிற டொமைன் மாமியின் கடையா சேது சாரின் கடையா என்று பார்க்கவில்லை.

இதற்குத்தான் வர்ச்சுவல் டொமைன் என்று ஒன்று. புரியும்படி சொல்கிறேன். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் ஒன்று, ரூம் நாற்பது. கீழே வாட்ச்மேன். அவர் கையில் குடியிருப்பவர்களின் பெயர்ப் பட்டியல். கடிதம் வந்தால் பட்டியலைப் பார்ப்பார். பெயர் இருந்தால் அந்த ரூமின் பெட்டியில் போடுவார். பெயர் இல்லையென்றால் வெளியே தபாலில் சேர்த்துவிடுவார். போஸ்ட்ஃபிக்ஸ் என்கிற எங்கள் மெயில் சர்வர் அந்த வாட்ச்மேன். வர்ச்சுவல் டொமைன் பட்டியல் அந்தப் பெயர்ப் பட்டியல்.

மூன்று நாள் உட்கார்ந்து நாற்பது டொமைனுக்கும் தனித்தனிப் பெட்டி செய்தேன். ஒரு இடத்தில் கமா விட்டுப்போய் பாதி நாள் எல்லாருக்கும் மெயில் நின்றது. சம்பந்தம் சார் திட்டினார். செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு சர்வரை ரீஸ்டார்ட் பண்ணினேன். ஓடியது. அடுத்த நாள் மாமி மாகாளிக் கிழங்கு ஊறுகாய் இரண்டு பாட்டில் அனுப்பினார். ஒன்றின்மேல் 'சேதுவுக்கு' என்று எழுதியிருந்தது. நான்தான் தி. நகருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கடையிலேயே மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "அக்கா கைதான்" என்றார்.

2. பேரை எடுக்காதே

சம்பந்தம் சாருக்கு ஒரு பழக்கம். கஸ்டமர் யாராவது விட்டுப் போனால் பட்டியலில் இருந்து அவர்கள் பெயரை எடுக்க விடமாட்டார்.

"இன்னிக்குப் போறவன் நாளைக்கு வருவான்ப்பா. பேரை எடுத்தா, போய்த் தொலைன்னு சொன்ன மாதிரி. ஒரு வருஷம் கெடக்கட்டும்."

எனக்கும் அது பிடித்திருந்தது. எங்கள் பக்கத்திலும் கடலுக்குக் கிளம்புகிறவனிடம் 'போ' என்று சொல்லமாட்டோம். 'போய்ட்டு வா' என்பதுதான் வழக்கம். தொழிலில் அது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது உறைக்கவில்லை. மேன்ஷனைக் காலி பண்ணினவர் பெயர் பட்டியலில் அப்படியே இருந்தால் என்ன ஆகும்? வெளியிலிருந்து வரும் தபால், தபால்காரருக்குப் புது விலாசம் தெரியும் என்பதால், நேரே புது வீட்டுக்குப் போய்விடும். ஆனால் அதே மேன்ஷனில் இருக்கிற இன்னொருவர் அவருக்குக் கடிதம் எழுதி வாட்ச்மேனிடம் கொடுத்தால்? வாட்ச்மேன் பட்டியலைப் பார்ப்பார். பெயர் இருக்கிறது. பூட்டிக் கிடக்கிற ரூமின் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார். கடிதம் திரும்பியும் வராது. யாரும் எடுக்கவும் மாட்டார்கள்.

சேது சார் மகளுக்குக் கல்யாணம் வந்தது. என் மனைவி ஸ்டெல்லாவும் நானும் போயிருந்தோம். மாமியின் வீட்டுக்காரர் இறந்து அப்போது இரண்டு வருஷம். முகூர்த்த நேரத்தில் மாமி மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றார். பெண்ணை இடுப்பில் தூக்கி வளர்த்த அத்தை. உறவில் யாரோ ஒருவர், "நீங்க சித்த பின்னாடி போய் உக்காந்துக்கோங்கோ, தாலி கட்டற நேரம்" என்றார். மேடையில் இருந்த சேது சார் காதில் அது விழுந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

மாமி பின்னால் நடந்து வந்தார். கடைசி வரிசையிலும் உட்காரவில்லை. எங்களைத் தாண்டிப் போகும்போது ஸ்டெல்லா, "மாமி, சாப்புடாம போறீங்களே" என்றாள்.

"நேக்குப் பசிக்கலைடிம்மா."

தாலி கட்டி முடிந்ததும் சேது சார் வாசலுக்கு ஓடி வந்தார். செருப்பு விடுகிற இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். "அக்கா, அக்கா" என்றார். மாமி ஆட்டோவில் ஏறிக்கொண்டே, "இனிமே உன் குரல் என் காதுல விழப்படாது, சேது" என்றார். அவ்வளவுதான். சத்தம்கூடப் போடவில்லை.

சில மாதம் கழித்து மாமி தன் மெயிலை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு மாற்றிக்கொண்டார். அமெரிக்காவில் இருக்கிற மகன் சொன்னதால் மாற்றினார், சண்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாற்றிக் கொடுத்தது நான்தான். வெளியே இருந்து டெஸ்ட் மெயில் அனுப்பிப் பார்த்தேன். புது இடத்துக்குச் சரியாகப் போனது. எங்கள் பட்டியலில் மாமியின் டொமைன் ஒரு வரி. எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"விசாலம் மாமி பேரையா? கெடக்கட்டும்ப்பா" என்றார் சம்பந்தம் சார்.

கிடந்தது.

3. சேர்ந்துடுச்சு சார்

கல்யாணம் நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். ஒரு நாள் மத்தியானம் சேது சார் எங்கள் ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்தார். எப்போதும் போனில்தான் பேசுவார். மூச்சு வாங்கியது. முகம் கறுத்து, கால் வீங்கியிருந்தது. இடது கையில் கட்டு. சிறுநீரகம் போய்விட்டதாம், வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ்.

நாற்காலி போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். இரண்டு வாய்தான் குடித்தார். "அளவுதான் குடிக்கணும்" என்றார்.

"அந்தோணி, நம்ம மெயிலெல்லாம் ஒழுங்கா போறதோல்லியோ?"

"போகுது சார். யாருக்கு அனுப்பினீங்க?"

"அக்காவுக்கு. மூணு லெட்டர் போட்டுட்டேன். பதிலே இல்லை. போன் பண்ணினா என் குரல் கேட்டதும் வெச்சுடறா. குரல்தானே கேக்கப்படாதுன்னா, எழுத்துக்கு ஒண்ணும் சொல்லலியே?" என்று சிரித்தார்.

"நேரா போய்ப் பாருங்க சார். பத்து நிமிஷம் ஆட்டோ."

"போய் நின்னு, அவ கதவைச் சாத்திட்டான்னா நான் தாங்க மாட்டேன்ப்பா. ஆள் விட்டும் சொல்லப்படாது. தப்புப் பண்ணினவன் நான்தான் சொல்லணும். வரட்டுமான்னு கேட்டிருக்கேன். வான்னு ஒரு வரி எழுதினா இந்தக் காலோடயே போயிடுவேன்."

எந்த மெயில் எங்கே போனது என்று சர்வர் வரி வரியாக எழுதி வைக்கிற லாகைத் திறந்தேன். மாமியின் முகவரியைத் தேடினேன். மூன்று வரி வந்தது. மூன்றின் கடைசியிலும் 'ஸ்டேட்டஸ் சென்ட்' என்று இருந்தது.

"சேர்ந்துடுச்சு சார்."

"நன்னாப் பாரு."

"மூணும் டெலிவர்டு சார். ஒண்ணுகூடத் திரும்பல."

அவர் கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் புரியாது.

"சேர்ந்துடுத்தா?" என்றார். "சேரலைன்னு நீ சொல்லுவேன்னு நெனைச்சுண்டு வந்தேன்." பிறகு, "அப்போ படிச்சுட்டுத்தான் பேசாம இருக்கா. சரி. அது அவ உரிமை" என்று எழுந்தார்.

படி இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் வேண்டிக்கிறேன் சார்" என்றேன். "வேண்டிக்கோப்பா. உங்க மாதா கேக்கறாளா பாப்போம்" என்றார். நான் வேண்டவும் செய்தேன். ஒன்பது புதன்கிழமை நவநாள் போனேன். மாதா கேட்டிருப்பாள். பதில் என் கண் முன்னால் அந்த லாகிலேயே இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

அந்த வரியில் 'சென்ட்' என்பதற்கு முன்னால் 'ரிலே' என்று ஒரு சொல் உண்டு. கடிதம் எங்கே கொடுக்கப்பட்டது என்று அது சொல்லும். மெயில் வெளியே போயிருந்தால் அங்கே அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் சர்வர் பெயர் இருந்திருக்கும். 'ரிலே வர்ச்சுவல்' என்று இருந்தது. அப்படியென்றால் கடிதம் எங்கள் மெஷினை விட்டே போகவில்லை, பூட்டின ரூமின் பெட்டியில் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். வேலைக்கு வந்த முதல் மாசமே எனக்குத் தெரிந்த விஷயம். என் கண் கடைசி வார்த்தைக்குத்தான் போனது.

மழைக்காலத்தில் சேது சார் இறந்துவிட்டார். வீட்டுக்குப் போனேன். மாமி ஆட்டோவில் வந்து இறங்கினார். ஐஸ் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். முதலில் அழவில்லை.

"வரட்டுமான்னு ஒரு வார்த்தை எழுதப்படாதாடா? வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? டயாலிசிஸ்னு நேத்திக்குத்தாண்டா நேக்குத் தெரியும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. மூன்று கடிதம் சேர்ந்ததை நான் பார்த்தேனே. பதில் போடாமல் இருந்துவிட்டு இப்போது ஊர் முன்னால் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அதுவும் என் பாவம்தான்.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கூடப் பொறந்தவன் பொணத்தாண்ட நின்னுகினு எவளாவது பொய் சொல்வாளா? இன்னாய்யா நீ. போய் உன் மிஷினைப் பாரு."

4. 'நியூ' ஃபோல்டர்

மறுநாள் காலை பூசைக்குக்கூடப் போகாமல் ஆபீசுக்குப் போனேன். லாகில் அதே வரியை இந்தத் தடவை முதலிலிருந்து படித்தேன். படித்ததும் மாமியின் பழைய பெட்டியைத் தேடினேன்.

எங்கள் சர்வரில் ஒவ்வொரு பெட்டிக்கும் 'நியூ' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். யாரும் திறக்காத கடிதம் அதில் கிடக்கும். மாமியின் பழைய பெட்டியில் பதினொன்று இருந்தன. எல்லாம் சேது சார் அனுப்பியவை. மூன்று, அவர் வந்து கேட்டபோது இருந்தவை. எட்டு, சேர்ந்துவிட்டது என்று நான் சொன்ன பிறகு எழுதியவை. பதில் வராது என்று தெரிந்தும் எழுதியிருக்கிறார்.

நான் எதையும் திறக்கவில்லை. பிறர் கடிதம். ஆனால் பட்டியல் எடுக்கும்போது தலைப்பு தெரியும். 'அக்காவுக்கு' என்று ஒன்று. 'அக்காவுக்கு, மறுபடியும்' என்று ஒன்று. ஒன்றில் 'மோர்மிளகாய்'. ஒன்றில் 'பேத்தி பிறந்திருக்கா'. கடைசிக் கடிதத்தின் தலைப்பு 'சும்மாதான்'.

சம்பந்தம் சாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நான்தானேப்பா எடுக்காதன்னேன்." கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டு, "இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது? மனுஷன் போயிட்டாரு. அந்தம்மாவாவது நிம்மதியா இருக்கட்டும். டெலிட் பண்ணிடு" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் டெலிட் பண்ணவில்லை. மாமியிடம் சொல்லவும் இல்லை. மயிலாப்பூர் வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெயில், சர்வர் எல்லாம் அவருக்குப் புரிந்ததோ என்னவோ. முடித்ததும், "கடவுள்கிட்ட சொல்லிட்ட. நல்லது. அந்த அம்மாகிட்ட?" என்று கேட்டார். "கடவுளுக்கு நீ சொல்லாமலே தெரியும்ப்பா. அவங்களுக்குத்தான் தெரியாது" என்றார்.

அன்றைக்கே போனேன். மாமியின் வீட்டில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே இருமல் வந்தது. "வா அந்தோணி, எத்தனை நாளாச்சு. உள்ள வந்து உக்காரு, நெடி இல்லாத பக்கமா" என்றார் மாமி.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். பட்டியல், ஒரு வரி, பதினொரு கடிதம். நான் லாகைப் பார்த்துச் சேது சாரிடம் சொன்ன வார்த்தை. சொல்லும்போது மாமியின் முகத்தைப் பார்க்கவில்லை. தரையில் கொட்டியிருந்த மிளகாய் விதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். மாமி கேட்டது வேறு.

"சேர்ந்துடுத்துன்னு நீ சொன்னயே, அப்போ அவன் மூஞ்சி எப்படி இருந்தது?"

சொன்னேன்.

"என்ன சொன்னான்?"

"'படிச்சுட்டுத்தான் பேசாம இருக்கா. சரி. அது அவ உரிமை'ன்னார் மாமி."

மாமி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அடுப்பில் மிளகாய் தீய ஆரம்பித்தது. உள்ளே வேலைக்கு இருந்த அம்மா ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

கடிதங்களைப் பென்டிரைவில் கொண்டுபோயிருந்தேன். மாமியின் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உள்ளே இருந்து சத்தமே இல்லை. ஒரே ஒரு தடவை மாமி வாய்விட்டுப் படித்தது கேட்டது. "'அக்கா, அன்னிக்கு மேடையை விட்டு இறங்கி வந்து உன் பக்கத்துல நான் நின்னிருக்கணும்.'" அவ்வளவுதான்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். ஸ்கிரீனில் ஒரு பதில் அடித்து வைத்திருந்தார். 'சேது, இன்னிக்குத்தான் பாத்தேன். அக்கா.'

"அவன் பெட்டி இன்னும் இருக்கா?"

"இருக்கு மாமி. அவர் கடை நம்மகிட்டதான் இருக்கு."

அனுப்பினார். "பாரு. சேர்ந்துதா?"

அங்கிருந்தே சர்வருக்குள் போனேன். லாகை எடுத்தேன். இந்தத் தடவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் படித்தேன். எங்கிருந்து வந்தது, யாருக்கு, எந்தப் பெட்டி. எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாவது தடவையும் படித்தேன்.

"சேர்ந்துடுச்சு மாமி" என்றேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மாமி என் தலையில் கை வைத்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கிளம்பும்போது, "இதை நீ யார்கிட்டயாவது சொல்லித்தான் ஆகணும், இல்லேன்னா நெஞ்சை அரிச்சுடும்" என்றார். "சொன்னா நடந்ததை நடந்தபடி சொல்லு. அவனைக் கோழைன்னு சொல்லாதே. என்னைக் கல்நெஞ்சக்காரின்னும் சொல்லாதே. நாங்க ரெண்டு பேரும் வாசல்ல நின்னுண்டு, இன்னொருத்தர் கதவைத் திறக்கட்டும்னு காத்துண்டிருந்தோம்."

வேலைக்கு வருகிற பிள்ளைகளே, நான் கற்றது இரண்டுதான். விட்டுப் போகிறவர் பெயரை அன்றைக்கே பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். அது மரியாதைக் குறைவு இல்லை. லாகை முழு வரியும் படிக்காமல் யாரிடமும் சேர்ந்தது என்று சொல்லாதீர்கள். நமக்கு அது ஒரு ஸ்டேட்டஸ். கேட்கிறவர் எதை நினைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார் என்று நமக்குத் தெரியாது.

மெஷின் மூன்று தடவை மாறிவிட்டது. சேது சாரின் பெட்டியை ஒவ்வொரு தடவையும் நானே மாற்றி வைத்தேன். அதன் 'நியூ' ஃபோல்டரில் மாமியின் கடிதம் இன்னும் இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்கள் நம் தொழிலில் இருக்கிற மற்றவர்களுக்கும் கொடுங்கள். கொடுக்கும்போது ஒன்றும் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். எனக்காக இரக்கப்பட்டு என் பங்கை மழுப்பவும் வேண்டாம். 'சேர்ந்துடுச்சு சார்' என்று சொன்னது நான்தான். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.